நார்த்தாமலை அடிவாரத்தில் டென்ட் போட்டு மூன்று நாள்: மலை, சுனை, கோயில், ஊர் பார்க்க முழுமையான வழிகாட்டி

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகிற சாலையில் கீரனூரைத் தாண்டியதும் மொட்டைப் பாறைகள் ஒவ்வொன்றாகத் தலைதூக்க ஆரம்பிக்கும். மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை, மண்மலை, பொன்மலை என்பதுபோல ஒன்பது குன்றுகளுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. மொத்தத்துக்கும் நார்த்தாமலை என்று பெயர். சஞ்சீவி மலையை அனுமன் தூக்கிப் போனபோது உதிர்ந்த துண்டுகள் இவை என்று ஊரில் சொல்வார்கள்.

பெரும்பாலானவர்கள் காரில் வந்து, ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, அப்படியே தஞ்சாவூருக்கோ மதுரைக்கோ போய்விடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். இங்கே ராத்திரி தங்க வேண்டும். பாறை சூடு குறைகிற நேரமும், விடியற்காலையில் மயில் அகவுகிற நேரமும் வந்துபோகிறவர்களுக்குக் கிடைக்காது. இந்தப் பகுதியைப் புரிந்துகொள்ள எனக்கு உதவிய வழி ஒன்றுதான்: தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஆறு என்று பெரிதாக எதுவும் ஓடாத வறண்ட மண் இது. பாறைக் குழியில் மழைநீர் தங்குகிற சுனை, அதன் கீழே ஏரி, ஏரிக்குக் கீழே வயல். சமணத் துறவிகள் படுத்ததும், முத்தரையர் என்ற சிற்றரசர்கள் பாறையைக் குடைந்து குடைவரைக் கோயில் வெட்டியதும், வணிகர்கள் நகரம் அமைத்ததும் இந்த நீரை ஒட்டித்தான். அதையே தடமாகப் பிடித்துக்கொண்டு நடந்தால் பார்க்கிற இடங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும்.

எப்போது போவது

மார்கழி, தை, மாசி. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுனைகளும் ஏரிகளும் நிறைந்திருக்கும், வெயில் தாங்கும், ராத்திரி ஒரு போர்வை தேவைப்படும். தையில் பனங்கிழங்கும் மொச்சையும் கிடைக்கும். பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில் திருவிழா நடக்கும். அலகு, காவடி, தேர் என்று ஊரே நிரம்பி வழியும். திருவிழா பார்க்கவே வருகிறீர்கள் என்றால் வாருங்கள். அமைதியாக மலை ஏற நினைப்பவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. சித்திரை, வைகாசியில் வேண்டவே வேண்டாம். கருங்கல் பாறை காலை பத்து மணிக்கே அடுப்பாகிவிடும்.

அடைமழை நாட்களிலும் மலை ஏறாதீர்கள். சரிவில் படிந்திருக்கும் கறுப்புப் பாசி காய்ந்திருக்கும்போது சொரசொரப்பாக இருக்கும், நனைந்தால் எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும்.

எங்கே டென்ட் போடுவது

பட்டா நிலத்தில், உரிமையாளரிடம் நேரில் கேட்டு, ஒரு தோப்பிலோ அறுவடை முடிந்த கொல்லையிலோ போடுங்கள். இந்தப் பக்கம் முந்திரித் தோப்பு நிறைய உண்டு. பம்புசெட்டும் ஒரு கொட்டகையும் உள்ள இடமாக இருந்தால் குளிக்க, பாத்திரம் கழுவ சௌகரியம். தொகை கொடுத்தால் வாங்காதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு வீட்டுக்கு வேண்டிய பழம், பலகாரம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

போடக்கூடாத இடங்கள்: குடைவரை, கோயில் வளாகம், காப்புக்காடு, ஏரிக்கரை, கோயில்காடு. தொல்லியல் துறை பாதுகாக்கும் மலையில் ராத்திரி தங்க முடியாது. ஏரிக்கரை அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது ஊர் ஆடுமாடுகளின் வழி, பாம்புகளின் வழியும்கூட.

பாம்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும். தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் பல நேரம் வலிகூடத் தெரியாது. அதனால் வெறுந்தரையில் பாய் விரித்துப் படுக்க வேண்டாம், டென்ட் ஜிப்பை எப்போதும் மூடி வையுங்கள், இருட்டில் டார்ச் இல்லாமல் ஓரடிகூட வைக்காதீர்கள், காலையில் செருப்பைத் தட்டிவிட்டுப் போடுங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போட்டு இறுக்குவது, கீறிவிடுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

எடுத்துவர வேண்டியவை பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் பிடிக்கிற அளவுக்குப் பாட்டில், தொப்பி, பிடிமானம் உள்ள செருப்பு, இரண்டு டார்ச், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், குப்பை போட ஒரு சாக்கு. அப்புறம் ஒரு ஜோடி கெட்டியான காலுறை. அது எதற்கு என்று பின்னால் வரும்.

முதல் நாள் மாலை: மலை வேண்டாம், ஊரைச் சுற்றுங்கள்

டென்ட் போட்டு முடித்ததும் எல்லோருக்கும் மலைமேல்தான் கண் போகும். பொறுங்கள். முதலில் டீக்கடைக்குப் போங்கள். ஒரு டீ சொல்லி உட்கார்ந்தாலே யாராவது கேட்பார்கள்: "எந்த ஊருலேருந்து வர்றிய?" அந்த 'வர்றிய', 'இருக்கியளா' என்கிற இழுவைதான் இந்தப் பக்கத்துப் பேச்சு. எங்கே தங்கியிருக்கிறீர்கள், எத்தனை பேர், எத்தனை நாள் என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ராத்திரி தோப்பில் வெளிச்சம் தெரிந்தால் ஊர்க்காரர்கள் பதறாமல் இருக்க இது ஒன்றே போதும். எந்தச் சுனையில் தண்ணீர் இருக்கிறது, எந்தப் பாறையில் தேன்கூடு தொங்குகிறது என்பதெல்லாம் அந்தப் பெஞ்சிலேயே தெரிந்துவிடும்.

பிறகு ஏரிப் பக்கம் நடங்கள். இந்த மாவட்டத்துப் பழைய ஏரிகளில், கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் ஜோடியாக நிற்பதைப் பார்க்கலாம். குறுக்கே கல் சட்டங்கள் இருக்கும். முதல்முறை பார்த்தபோது ஏதோ மண்டபம் இடிந்து மிச்சம் நிற்கிறது என்றுதான் நினைத்தேன். ஆடு ஓட்டிவந்த பெரியவர் ஒருவர் நின்று, "அது குமிழி தம்பி, மடை" என்றார். அவர் கைத்தடியால் மண்ணில் வரைந்து காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. தூண்களுக்கு அடியில் ஒரு கல்தொட்டி. அதன் மேல்மூடியில் ஒரு துளை, அது நீரோடி. கீழே தரையை ஒட்டிச் சிறு துளைகள், அவை சேறோடி. நீரோடியை ஒரு கல் அடைத்திருக்கும். தண்ணீர் தேவைப்படும்போது ஒருவர் நீந்திப் போய் அந்த அடைப்பைத் தூக்கிவிடுவார். நீர் வேகமாக உள்ளே இறங்கிக் கரைக்கு அடியில் போகும் சுருங்கை வழியாக வயலுக்கு ஓடும். அந்த இழுப்பில் சேறோடி வழியாக வண்டலும் சேர்ந்து வெளியேறும். ஏரி தானாகத் தூர் வாரிக்கொள்கிற ஏற்பாடு. சில குமிழித் தூண்களில் அதைச் செய்து வைத்தவர் பெயர் கல்வெட்டாகவே இருக்கும். ஆகவே தூணில் எழுத்து தெரிகிறதா என்று கரையிலிருந்தே பாருங்கள். தண்ணீருக்குள் இறங்க வேண்டாம்.

இரண்டாம் நாள் காலை: மேலமலை

ஐந்தரை மணிக்கு எழுந்து, ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருங்கள். சரிவில் நிதானமாக ஏறினால் அரை மணி நேரம்.

மேலே எதிரெதிராக இரண்டு காலங்கள் நிற்கின்றன. ஒருபக்கம் விஜயாலய சோழீச்சரம், மேற்கு பார்த்த கற்கோயில். எதிரே பாறையைக் குடைந்த இரண்டு குகைகள், கிழக்கு பார்த்தவை. காலை வெயில் நேராகக் குகைகளுக்குள் விழும், மாலை வெயில் கோயில் முகத்தில் விழும். அதனால் காலையில் குகைகளைப் பாருங்கள். முடிந்தால் இன்னொரு மாலை கோயிலுக்காக மட்டும் ஏறுங்கள். ஒரே மலைக்கு இரண்டு தடவையா என்று கேட்காதீர்கள், அவ்வளவுக்கும் தகும்.

சின்ன குகை பழியிலி ஈச்சரம். பல்லவன் நிருபதுங்கனின் 7ஆம் ஆட்சியாண்டில் முத்தரையர் குலத்துச் சாத்தன் பழியிலி குடைவித்தது. அவர் மகள் சிறியநங்கை முன்மண்டபம் எடுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. அந்த மண்டபம் போய்விட்டது, அதன் அடித்தளம் மட்டும் மிச்சம். ஆயிரத்து நூறு வருடங்களுக்கு மேல் கழித்தும் ஒரு பெண்ணின் பெயர் பாறையில் நிற்கிறது. அதை யாராவது சொல்லிக் காட்டினால்தான் கண்ணில் படும், அதனால் தேடிப் பாருங்கள்.

பெரிய குகையைச் சமணர் குடகு என்பார்கள். சமணர் இடமாக இருந்து 13ஆம் நூற்றாண்டில் திருமால் கோயிலாக மாறியது. அப்போது பதினெண்பூமி விண்ணகரம் என்று பெயர். மண்டபச் சுவரில் பன்னிரண்டு திருமால் உருவங்கள், ஏறக்குறைய ஒரே அச்சில், ஆளுயரத்துக்கு வரிசையாக நிற்கும். காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் அந்த வரிசைமேல் ஊரும்போது முதல் உருவத்திலிருந்து கடைசி உருவம் வரை மெதுவாக நடந்து பாருங்கள். ஒன்றுபோலத் தெரிந்தவை கிட்டே போகப் போக வேறுபடும். பெயரில் உள்ள 'பதினெண்பூமி' வணிகக் குழுவைக் குறிக்கும். நார்த்தாமலை அந்தக் காலத்தில் தெலுங்குகுலகாலபுரம் என்ற பெயருள்ள வணிக நகரம். நகரத்தார் மலை என்பதுதான் நார்த்தாமலை ஆனது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.

எதிரே உள்ள விஜயாலய சோழீச்சரத்தின் உள்ளே கருவறை வட்ட வடிவம், வெளிச்சுவர் சதுரம். சுற்றிலும் எட்டுச் சிறு கோயில்கள் இருந்ததில் ஆறு மிச்சம். பெயரில் சோழன் இருந்தாலும் இதைக் கட்டியது சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர், முத்தரையர் தலைவர். மழையில் இடிந்ததை மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்ததாகக் கல்வெட்டு இருக்கிறது.

மலையில் உள்ள தலையருவிச் சிங்கம் என்ற சுனையைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். தண்ணீருக்கு அடியில் ஒரு குடைவரையும் லிங்கமும் மூழ்கியிருக்கின்றன. 1857-ல் புதுக்கோட்டை மன்னர் ராமச்சந்திர தொண்டைமானின் மூத்த ராணி சுனை நீரை இறைக்கச் சொல்லி வழிபட்டதாகப் பக்கத்தில் கல்வெட்டு உண்டு. சுனையில் இறங்கவோ குளிக்கவோ கூடாது. விளிம்பு வழுக்கும், ஆழம் தெரியாது, அதோடு மலையில் வாழ்கிற உயிர்களுக்கு அதுதான் குடிநீர்.

இப்போது காலுறை விஷயம். முதல் தடவை குடும்பத்தோடு வந்தபோது ஒரே நாளில் ஐந்து இடம் பார்ப்பதாகத் திட்டம். மேலமலைக்கு வந்து சேரும்போது மணி பன்னிரண்டு. கோயில் என்பதால் செருப்பைத் தள்ளிக் கழற்றிவிட்டு நடந்தோம். பத்தடி போவதற்குள் என் அண்ணன் மகள் ஓவென்று அழுதுவிட்டாள், உள்ளங்காலில் கொப்புளம். அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கியவன், ஒன்பது மணிக்கு மேல் இந்தப் பாறையில் யாரையும் வெறுங்காலோடு நடக்கவிடுவதில்லை. காலுறை இருந்தால் மரியாதையும் கெடாது, காலும் வேகாது. ஒன்பதுக்குள் இறங்கிவிடுங்கள்.

இரண்டாம் நாள் மதியம்: ஓய்வும், பிறகு சித்தன்னவாசலும்

பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை நிழலில் படுங்கள். கம்மங்கூழோ மோர்ச் சோறோ போதும். அசைவம் வேண்டுபவர்கள் புதுக்கோட்டை டவுனுக்குப் போய் முட்டை மாஸ் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

சித்தன்னவாசலில் இரண்டு இடம், இரண்டும் ஒரே குன்றின் எதிரெதிர்ப் பக்கம். முதலில் ஏழடிப்பட்டம். மேற்கிலிருந்து ஏறி, முகட்டைக் கடந்து, கிழக்குப் பக்கம் இறங்கினால் குகை. பாறையில் வெட்டிய ஏழு காலடிப் படிகளால் வந்த பெயர். இப்போது கம்பி பிடித்திருக்கிறார்கள். மதியத்துக்குமேல் போனால் குகை நிழலில் இருக்கும். உள்ளே பதினேழு கற்படுக்கைகள், தலைமாட்டில் தலையணை மாதிரி சற்றே மேடு. துறவிகள் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய கல் அது. பெரிய படுக்கையின் ஓரத்தில் உள்ள தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு, எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி ஈதனுக்காகச் செய்த இருக்கை இது என்கிறது. இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னால் எங்கிருந்தோ இந்தக் காட்டுக்கு வந்த ஒரு மனிதரின் ஊரும் பேரும். படுக்கையில் படுத்துப் படம் எடுக்காதீர்கள். எழுத்தில் விரல் வைக்காதீர்கள். பக்கத்தில் கிறுக்கியிருக்கிற காதல் பெயர்களைப் பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

இதே குன்றில் நாவல் மரத்தால் பெயர்பெற்ற நவச்சுனையும் இருக்கிறது. அதற்குள்ளும் மூழ்கிய ஒரு குடைவரை உண்டு. துறவிகள் ஏன் இந்தக் குன்றைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு அந்தச் சுனை போதும்.

நாலு மணிக்கு இரண்டாவது இடமான அறிவர் கோயிலில் இருங்கள். மேற்கு பார்த்த சமணக் குடைவரை என்பதால் சாய்கிற வெயிலின் வெளிச்சம் உள்ளே பரவும். விதானத்தில், அதாவது உட்கூரையில், தாமரைக் குளம் ஓவியம்: இலைகளுக்கு நடுவே மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள், அவர்களில் ஒருவர் தோளில் தாமரைத் தண்டு. சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டியது. நிறைய உதிர்ந்துவிட்டது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்ததாக முகப்பில் கல்வெட்டு இருக்கிறது. உள்ளே போனதும் உடனே அண்ணாந்து பார்க்காதீர்கள். இரண்டு நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். பச்சை முதலில் தெரியும், அப்புறம் மீன்கள், கடைசியில்தான் முகங்கள். தூண்களில் உள்ள ஆடல் மகளிர் இன்னும் மங்கலாக இருப்பார்கள். ஃபிளாஷ் அடிக்கவே கூடாது.

வாசலில் நிற்கும் தூண்கள் இந்த இடத்தவை அல்ல. 20ஆம் நூற்றாண்டில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து முன்மண்டபமாக வைத்தார்கள். நாளைக்கு அந்த ஊருக்குப் போகும்போது நினைவில் வையுங்கள்.

திரும்பும் வழியில், சாலையோரப் பொட்டலில் கற்களை வட்டமாக நட்டுவைத்த பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் கண்ணில் படும். வண்டியை நிறுத்திப் பாருங்கள், கல்லை நகர்த்தாதீர்கள்.

மூன்றாம் நாள்: குடுமியான்மலை, கொடும்பாளூர், விராலிமலை

டென்ட்டைக் காலையிலேயே பிரித்து, இடத்தைப் பெருக்கி, அடுப்புச் சாம்பலை நீர் ஊற்றி அணைத்துப் புதைத்துவிட்டுக் கிளம்புங்கள். சித்தன்னவாசலிலிருந்து குடுமியான்மலை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், அன்னவாசல் வழி.

சிகாநாதசாமி கோயில் சிற்பங்களுக்கே ஒரு மணி நேரம் வேண்டும். ஆனால் நான் நேராகப் பின்னால் போய்விடுவேன். மேலைக்கோயில் என்ற குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பண்களுக்கான சுரங்கள் கட்டம் கட்டமாக வெட்டப்பட்டிருக்கின்றன. மாணவர்களின் நன்மைக்காக, உருத்திராச்சாரியாரின் சீடனான ஒரு அரசன் செய்ததாக முடிகிறது. அரசன் பெயர் இல்லை. மகேந்திரவர்மன் என்று கருதுகிறவர்கள் உண்டு. கடைசியில் தமிழில் ஒரு வரி: 'எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய'. பாட்டு சொல்லிக்கொடுக்கிற ஒருவர் தன் பாடக்குறிப்பைப் பாறையிலேயே எழுதிவைத்த மாதிரி இருக்கிறது எனக்கு. பாடத் தெரிந்தவர் கூட இருந்தால், அங்கே நின்று ஒரு பண் பாடச் சொல்லுங்கள்.

கொடும்பாளூர் மூவர் கோயில் திருச்சி - மதுரை நெடுஞ்சாலைக்குப் பக்கம். மேற்கு பார்த்த கோயில்கள் என்பதால் மூன்றரைக்குமேல் போங்கள். இருக்குவேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி தன் பெயருக்கும், கற்றளி, வரகுணை என்ற தன் மனைவியர் இருவர் பெயருக்கும் எடுத்தவை. மூன்றில் இரண்டு முழுதாக நிற்கின்றன, ஒன்றுக்கு அடித்தளம் மட்டும். மதுரைக்குப் போகும் வழி இங்கே சிவனின் சூலம்போல மூன்றாகப் பிரிவதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கோவலனும் கண்ணகியும் வழி கேட்ட கதையில் வரும் கொடும்பை இதுதான்.

நேரம் குறைவு, குழந்தைகள் களைத்துவிட்டார்கள் என்றால் விராலிமலையை விட்டுவிடலாம். போனால் முருகன் கோயில் மலையில் சாயங்காலம் மயில்களைப் பார்க்கலாம். சாப்பாடு போடாதீர்கள்.

ஐயனார் கோயில்களில்

மூன்று நாளும் போகிற வழியெல்லாம் மண்குதிரைகள் நிற்பதைப் பார்ப்பீர்கள். வேளார் கையால் செய்து, சூளையில் சுட்டு, புரவியெடுப்பில் ஊர்கூடித் தூக்கிவந்தவை. உடைந்த குதிரையும் நேர்ந்துகொண்ட குதிரைதான். பொம்மை என்று எடுத்துவந்துவிடாதீர்கள். சுற்றியுள்ள கோயில்காட்டில் ஒரு குச்சிகூட ஒடிக்க மாட்டார்கள் ஊர்க்காரர்கள். வீரை, உலக்கைப்பாலை என்று வெளியே அருகிவிட்ட மரங்கள் அங்கே தப்பி நிற்பதற்கு அந்தப் பயம்தான் காரணம். எதுவரை போகலாம், யார் போகலாம் என்பது ஊருக்கு ஊர் மாறும். பூசாரியைக் கேளுங்கள். "இதுக்கு மேல வேணாம்" என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

தை மாதம் வந்தால் இந்த மாவட்டத்தில் எங்காவது ஒரு வாடிவாசல் திறந்திருக்கும். பார்க்க ஆசைப்பட்டால் மேடையில் இருந்து பாருங்கள். மாடு ஓடுகிற தெருவிலும் மாடு பிடிக்கிற திடலிலும் நிற்காதீர்கள்.

கிளம்பும்போது தோப்புக்காரர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். போன தை மாதம் அப்படிச் சொல்லப் போனபோது அந்த வீட்டு அப்பத்தா வெந்த பனங்கிழங்கு பத்தைக் கட்டிக் கையில் கொடுத்து, "சித்திரையில வந்துராதிய, மழை பெஞ்ச பொறவு வாங்க, சுனையெல்லாம் ரொம்பிக் கெடக்கும்" என்றார்.